பத்து மணி நேர ஆபரேஷன்: ஊசி மயக்கமா, கேஸ் மயக்கமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூன் வாசகர், 4 மார்ச் 2025, இரவு 10.40

அம்மாவுக்கு வயது 66. நாக்கில் புற்று. நாக்கின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலையும் ரத்தக்குழாயையும் எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்களாம். எட்டு மணி நேரம், ஏன் பத்து மணி நேரம்கூட ஆகலாம் என்கிறார்கள். மயக்க மருத்துவர், "முழுக்க ஊசி வழியாகவே கொடுப்போம், கேஸ் வேண்டாம்" என்றார். தஞ்சாவூரில் இருக்கும் பெரியப்பாவோ போனில் ஒரே சத்தம். கேஸ்தான் காலங்காலமாக இருப்பது, அந்த ஊசி மருந்துதான் மைக்கேல் ஜாக்சனைக் கொன்றது, ஒத்துக்கொள்ளாதே என்கிறார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் தூக்கம் போய்விட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 மார்ச், காலை 6.20

இரவுப் பணி முடிந்து வந்ததும் உங்கள் கேள்வியைப் பார்த்தேன், தம்பி. நான் இங்கே ஆபரேஷன் தியேட்டரில், மயக்கப் பிரிவில் பல ஆண்டுகளாக நர்ஸ். டாக்டர் இல்லை, உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. அதனால் எது அவருக்கு நல்லது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டும் உள்ளே எப்படி நடக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கேஸ் மயக்கம் என்றாலும் பெரியவர்களைத் தூங்கவைப்பது பெரும்பாலும் ஊசிதான். அதே வெள்ளை மருந்து, புரோபோஃபால். கையில் ஏறும்போது சிலருக்குச் சுரீரென்று எரியும், அடுத்த அரை நிமிடத்தில் கண் சொருகிவிடும். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, செவோஃப்ளூரேன் போன்ற ஒரு மருந்தின் ஆவியை ஆக்சிஜனோடு கலந்து மணிக்கணக்கில் கொடுத்தால் அது கேஸ் முறை. ஆவியே இல்லாமல், புரோபோஃபாலையும் ரெமிஃபென்டனில் என்ற வலி மருந்தையும் பம்பில் வைத்துக் கடைசிவரை ஓட்டினால் அது ஊசி முறை. தியேட்டரில் ‘டீவா’ என்போம். ட்யூபும் வெண்டிலேட்டரும் இரண்டுக்கும் பொது. ஆக, பெரியப்பா பயப்படும் மருந்து கேஸ் முறையிலும் முதல் நிமிடத்திலேயே உள்ளே போய்விடுகிறது.

மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்தது இந்த மருந்தால்தான், அது உண்மை. ஆனால் அது வீட்டுப் படுக்கையறை. தூக்கம் வரவேண்டும் என்பதற்காகக் கொடுத்தது. தேவையான கருவிகள் இல்லை, மூச்சைப் பார்த்தபடி பக்கத்தில் ஆள் இல்லை. புரோபோஃபால் மூச்சை அடக்கும், அது அந்த மருந்தின் இயல்பு. தியேட்டரில் மூச்சு விடுவது வெண்டிலேட்டர், அதன் முன்னால் ஒருவர் நகராமல் இருப்பார். பெரியப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். மற்றதைத் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

5 மார்ச், இரவு 9.05

நீண்ட ஆபரேஷனுக்கு என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. அரை மணி நேர வேலைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எட்டு மணி நேரம் ஓடிய பிறகுதான் வித்தியாசம் தெரியும், அதுவும் நிறுத்தியபின்.

மயக்க மருந்துகள் கொழுப்பில் கரைபவை. முதல் அரை மணி நேரத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேரும். பிறகு தசைக்கு. அதற்கும் பிறகு, மெதுவாக, உடம்பின் கொழுப்புக்குள் இறங்கும். கத்தரிக்காய் எண்ணெய் குடிப்பது போலத்தான்: வாணலியில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு குடிக்கும், அடுப்பை அணைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மருந்தை நிறுத்தியபின் இந்தக் கசிவுதான் ஆளை மந்தமாக வைத்திருக்கிறது.

1997இல் கணினி மாதிரி ஒன்றில் இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேஸை நிறுத்தினால் பாதி அளவு குறைய எந்தக் கேஸுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை, எத்தனை மணி நேரம் ஓடியிருந்தாலும். ஆனால் 90 சதவீதம் வெளியேறவேண்டும் என்றால் கதை மாறுகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு டெஸ்ஃப்ளூரேனுக்கு 14 நிமிடம், செவோஃப்ளூரேனுக்கு 65 நிமிடம், பழைய ஐசோஃப்ளூரேனுக்கு 86 நிமிடம். கண் திறப்பது முதல் பாதியிலேயே நடந்துவிடும். "எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வது அந்தக் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது.

ஊசிப் பக்கம் பார்த்தால், ரெமிஃபென்டனில் ஒரு விசித்திரமான மருந்து. 1996 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகளே அதை உடைத்துவிடும், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வேலையே இல்லை. பத்து மணி நேரம் ஓடியிருந்தாலும் நிறுத்தினால் மூன்று நான்கு நிமிடத்தில் பாதியாகிவிடும். பழைய ஃபென்டனிலை இப்படி எட்டு மணி நேரம் விடாமல் ஓட்டினால் பாதியாவதற்கே மணிக்கணக்காகும். புரோபோஃபால் இரண்டுக்கும் நடுவில், எட்டு மணி நேரத்துக்குப் பிறகு பாதியாகச் சுமார் 40 நிமிடம். பழகிய மயக்க மருத்துவர் தையல் போடத் தொடங்கும்போதே அளவைக் குறைக்க ஆரம்பிப்பார். அந்த 40 நிமிடத்தை நோயாளி உணர்வதே இல்லை.

ரெமிஃபென்டனிலுக்கு ஒரு விலையும் உண்டு. அது போனால் வலி நிவாரணமும் அதோடு போகும். நிறுத்துவதற்கு முன்பே மார்ஃபின் மாதிரி நின்று வேலை செய்யும் மருந்தைக் கொடுத்திருக்கவேண்டும். அதைச் சரியான நேரத்தில் கொடுக்காவிட்டால் நோயாளி வலியோடு விழிப்பார். அப்படி விழித்தவர்களை ரிக்கவரியில் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

6 மார்ச், மதியம் 1.30

மேலே இவ்வளவு எழுதியபிறகு உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். நாக்கு ஆபரேஷன். வாயும் கழுத்தும் வீங்கும் என்பதால் இப்படிப்பட்டவர்களுக்குப் பல நேரம் கழுத்தில் துளையிட்டு ட்யூப் வைப்பார்கள், அன்றிரவு தூங்கவைத்தபடியே ஐசியுவுக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் என்றால், சீக்கிரம் விழிப்பதா தாமதமாக விழிப்பதா என்ற கணக்குக்கே இங்கே இடமில்லை. எப்படியும் மறுநாள்தான் எழுப்புவார்கள்.

மேலே எழுதியது வேறு யாருக்காவது உதவும். உங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். அன்றே எழுப்புவார்களா, மறுநாளா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

7 மார்ச், இரவு 11.15

மறுநாள் காலைதான் எழுப்புவார்களாம் என்று தம்பி எழுதியிருக்கிறார். சரி, அப்படியானால் வாந்தியைப் பற்றிப் பேசலாம். என்னைக் கேட்டால், ஊசி முறையைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் உண்மையான காரணம் இதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு வாந்தி வரும் என்று கணிக்க நான்கே கேள்விகள். பெண்ணா? புகை பிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி எடுத்ததுண்டா, அல்லது பயணத்தில் வாந்தி எடுப்பவரா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா? ஒன்றுமே இல்லையென்றால் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. நான்கும் இருந்தால் பத்தில் எட்டு. நம் வீட்டு அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். பெண், சிகரெட் தொட்டதில்லை, பெரிய ஆபரேஷன், மார்ஃபின் உறுதி. மூன்று அங்கேயே வந்துவிட்டது.

நான்காவதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. "பயணத்தில் குமட்டல் வருமா?" என்று கேட்டால் "இல்லை, இல்லை" என்பார்கள். "கெந்திங் மலையில் பஸ் ஏறும்போது பிளாஸ்டிக் பையோடுதான் உட்காருவீர்களா? பாத்தாம் ஃபெர்ரியில் எப்படி?" என்று கேட்டால் உடனே சிரித்துக்கொண்டு ஆமாம் என்பார்கள். நான் இப்படித்தான் கேட்கிறேன்.

கேஸ் ஒவ்வொரு நிமிடமும் வாந்திக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, குறிப்பாக விழித்த முதல் இரண்டு மணி நேரத்தில். ஆபரேஷன் நீள நீள அந்தச் சுமையும் நீளும். 2004இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்தியது: கேஸுக்குப் பதிலாகப் புரோபோஃபால் கொடுத்தால் வாந்தி வாய்ப்பு 19 சதவீதம் குறைந்தது. தனியாகக் கொடுக்கும் வாந்தித் தடுப்பு மருந்து ஒவ்வொன்றும் சுமார் 26 சதவீதம் குறைத்தது. புரோபோஃபால் மந்திரம் இல்லை, ஒரு நல்ல வாந்தி மருந்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமே! வாய்க்குள் புதுத் தையல், கழுத்தில் மயிரிழை போன்ற நூலால் தைத்த ரத்தக்குழாய், அதோடு குமட்டி எக்குவது. அது நடக்கக்கூடாது என்றுதான் உங்கள் டாக்டர் நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

எனக்கே இரண்டு முறையிலும் ஆபரேஷன் நடந்திருக்கிறது. முதல் தடவை கேஸ். வலி தெரியவில்லை, தலையைத் திருப்பினாலே குடல் மேலே வந்தது, வார்டுக்குப் போகும் லிப்டில் இரண்டு தடவை. வருடங்கள் கழித்து இன்னொன்று, அதைவிட நீளமானது. மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொன்னேன், ஊசி முறை வைத்தார். விழித்ததும் பசித்தது. ஒரே ஆளுக்கு நடந்ததை வைத்து விதி எழுதமுடியாது என்று தெரியும். ஆனாலும் அந்த இரண்டு சாயங்காலங்களும் உடம்பில் இன்னும் இருக்கின்றன.

8 மார்ச், காலை 7.00

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. கெந்திங் கேள்வியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய கிளினிக்கில் மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போது, கேள்வி அம்மாவைப் போய்ச் சேர்வதே இல்லை. நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்பார். மகன் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நோ, நோ" என்பார். அவசரம், வேலைக்கு லீவு எடுத்து வந்திருப்பார், கோபிக்கமுடியாது. ஆனால் 1985இல் திருச்சியில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததும், அதற்குப் பிறகு மூன்று நாள் வாந்தியில் கிடந்ததும் அம்மாவுக்குத்தான் தெரியும். மகனுக்கு அப்போது நான்கு வயது. இங்குள்ள தேசிய மின்னணு சுகாதாரப் பதிவேட்டில் திருச்சி இருக்காது.

அதனால் தம்பி, கேள்வியை அப்படியே தமிழில் அம்மாவிடம் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். அம்மாவின் கடந்தகால மயக்கங்களைப் பற்றி இந்த ஊரில் எந்தக் கணினியும் டாக்டருக்குச் சொல்லப்போவதில்லை.

8 மார்ச், இரவு 10.10

"ஊசி முறையில் நடுவில் விழிப்பு வந்துவிடும் என்று படித்தேன், உண்மையா அக்கா?" என்று ஒரு வாசகி. மறைக்காமல் சொல்கிறேன். ஊசி முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

கேஸ் முறையில், நோயாளி வெளியே விடும் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று இயந்திரம் அளந்து திரையில் காட்டும். குறைந்தால் அலாரம் அடிக்கும். ஊசி முறையில் அப்படி ஒரு அளவு கிடையாது. பம்பில் ‘3.5’ என்று ஒரு எண் தெரியும். வயது, எடை, உயரம் போட்டு, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கும் என்று ஒரு சூத்திரம் கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. ரத்தத்தை யாரும் அளக்கவில்லை. குழாய் கழன்று மருந்து மெத்தையில் சொட்டிக்கொண்டிருந்தாலும் பம்ப் 3.5 என்றே காட்டும்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதை நாடு முழுக்க ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். மயக்கத்தில் விழிப்பு வந்ததாகப் புகார் சொன்னவர்கள் சுமார் 19,000 பேரில் ஒருவர். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000 பேரில் ஒருவர், கொடுக்காதவர்களில் 1,36,000 பேரில் ஒருவர். அசைய முடிந்தவர் அசைந்து காட்டிவிடுவார், அசையமுடியாதவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஊசி முறையின் பங்கு அது பயன்படுத்தப்படும் அளவைவிட அதிகமாகவே இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்றும் அறிக்கை சொன்னது.

எங்கள் வேலை அங்கேதான் வருகிறது. ஒரு கணக்கு: 60 கிலோ எடை, மணிக்கு கிலோவுக்கு 6 மில்லிகிராம், ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து என்றால் மணிக்கு 36 மில்லிலிட்டர். 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று ஏறக்குறைய எண்பது நிமிடம் வரும். பத்து மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை சிரிஞ்ச் மாற்றவேண்டும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு இடைவெளி. அடுத்த சிரிஞ்சை முன்பே நிரப்பி, பெயர் ஒட்டி, பக்கத்தில் வைத்திருப்போம். எண்ணெய்க் குழம்பு என்பதால் கிருமி சீக்கிரம் வளரும், காலையிலேயே எல்லாவற்றையும் நிரப்பி அடுக்கி வைக்கவும் கூடாது.

உங்கள் அம்மாவின் ஆபரேஷனில் இன்னொரு சிக்கல். ஒரு கையிலிருந்து தோல் எடுக்கிறார்கள், இன்னொரு கை துணிக்கு அடியில் உடம்போடு ஒட்டி இருக்கும். ஊசி ஏறும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது டீவாவின் முதல் பாடம். இங்கே எந்தக் கையைப் பார்ப்பது? அதனால் காலில் ஒரு வழி, அல்லது பெரிய ரத்தநாளத்தில் ஒரு வழி என்று டாக்டர் முன்கூட்டியே யோசித்திருப்பார். மருந்து எந்த வழியாக ஏறும் என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல மயக்க மருத்துவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

நெற்றியில் ஒட்டும் பட்டை ஒன்றும் உண்டு. மூளையின் மின் அலையைப் படித்து 0 முதல் 100 வரை எண் காட்டும், 40க்கும் 60க்கும் நடுவில் வைத்திருப்போம். ‘பிஸ்’ என்போம்.

9 மார்ச், காலை 6.45

பிஸ் பற்றி ஒரு வரி கூட்டவேண்டும், இல்லையென்றால் அது இருந்தால் போதும் என்று நினைத்துவிடுவீர்கள். 2011இல் வந்த பெரிய ஆய்வில், விழிப்பு ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் பிஸ் பட்டையையும் மூச்சில் கேஸை அளக்கும் அலாரத்தையும் ஒப்பிட்டார்கள். பிஸ் மேலானதாக இல்லை. அதாவது கேஸ் முறையில் அந்த மூச்சு அளவே நல்ல காவல். ஊசி முறையில் அந்தக் காவல் கிடையாது என்பதால்தான் பட்டை அவசியமாகிறது.

10 மார்ச், இரவு 8.30

சிராங்கூன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது: "என் பாட்டி சுத்த சைவம். அந்த வெள்ளை மருந்தில் முட்டை இருக்கிறதாமே?"

இருக்கிறது. புரோபோஃபால் தண்ணீரில் கரையாது. அதனால் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் லெசித்தின் சேர்த்துப் பால் மாதிரி ஆக்குகிறார்கள். நூறு பங்கில் பத்து பங்கு சோயா எண்ணெய், 1.2 பங்கு லெசித்தின். 1970களின் இறுதியில் சோதித்துப் பார்த்த முதல் கலவைக்கு வேறு கரைப்பான் இருந்தது, அது கடுமையான ஒவ்வாமை கொடுத்ததால் கைவிட்டு இந்தப் பால் வடிவத்துக்கு வந்தார்கள்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு: அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருப் புரதத்தால் வருவது, மருந்தில் இருப்பது மஞ்சள் கருவின் கொழுப்பு. அதனால் பெரும்பாலானோருக்குக் கொடுக்கிறார்கள். இருந்தாலும் சொல்லவேண்டும்.

பாட்டி விஷயம் வேறு. அது உடம்பைப் பற்றியது இல்லை, அவர் வாழ்நாள் முழுக்கக் காத்த ஒன்று. வீட்டார் சிலர் "பாட்டிக்குச் சொல்லவேண்டாம், தெரிந்தால் மறுத்துவிடுவார்" என்று எங்களிடம் கிசுகிசுப்பார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. சொன்னால் பெரும்பாலான பாட்டிகள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "உயிர் காக்கத்தானே, போடு" என்கிறார்கள். சொல்லாமல் மறைத்துப் போட்டால் அந்த ஒரு நிமிடத்தை நாம் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். மறுத்தால் கேஸிலேயே தூங்கவைத்து, கேஸிலேயே ஓட்டவும் வழி உண்டு. செவோஃப்ளூரேன் தொண்டையை உறுத்தாது, சின்னப் பிள்ளைகளை அப்படித்தான் தூங்கவைக்கிறோம்.

பத்து மணி நேரத்துக்கு 360 மில்லி என்றால் 36 கிராம் எண்ணெய், ஏறக்குறைய 400 கலோரி. வெறும் வயிற்றோடு போகும் சர்க்கரை நோயாளிகளின் வீட்டார் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள்.

12 மார்ச், இரவு 11.50

தம்பி தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். "கேஸ் கொடுத்தால் புற்றுநோய் திரும்பி வருமாமே?"

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2016இல் லண்டன் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள், ஏழாயிரம் பேருக்கு மேல். கேஸ் வாங்கியவர்களைவிட ஊசி வாங்கியவர்கள் அதிக காலம் உயிரோடு இருந்தார்கள். படித்தபோது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை பேருக்குக் கேஸ் திருகியைத் திருப்பிவிட்டிருக்கிறோம்!

ஆனால் பழைய பதிவேட்டில் ஒரு சிக்கல் உண்டு. யாருக்கு எது என்று அன்று டாக்டர் ஏதோ காரணத்தோடு தேர்ந்தெடுத்திருப்பார். சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்தவை 2023இல் வந்தன. சுவீடனில் தொடங்கிய ஆய்வு, மார்பகப் புற்று ஆபரேஷன் செய்த பெண்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்தது. வித்தியாசம் தெரியவில்லை. சீனாவில் முதியவர்களுக்குப் புற்று ஆபரேஷன் செய்து பின்தொடர்ந்ததிலும் ஆயுளில் வித்தியாசமில்லை. இதய பைபாஸுக்கு 2019இல் 5,400 பேரை வைத்துப் பார்த்த ஆய்விலும், ஓராண்டில் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய மூன்று சதவீதம்தான்.

நாக்குப் புற்றுக்கு என்று தனியாக அதே அளவு பெரிய விடை இன்னும் வரவில்லை. ஆனால் கேஸ் வாங்கிவிட்டோமே என்று யாரும் குற்ற உணர்ச்சியில் உழலவேண்டாம்.

அந்தச் சீன ஆய்வில் ஒரு விஷயம் மட்டும் உங்கள் அம்மாவின் வயதுக்குப் பொருந்துகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு குழம்பிப்போவது, இரவில் எழுந்து ட்யூபைப் பிடுங்குவது, மகனையே அடையாளம் தெரியாமல் போவது. அது செவோஃப்ளூரேன் வாங்கியவர்களில் 12.4 சதவீதம், புரோபோஃபால் வாங்கியவர்களில் 8.4 சதவீதம். பெரிய இடைவெளி இல்லை, ஆனால் கழுத்தில் ட்யூபோடு இருப்பவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை. மறுநாள் காலை நீங்கள் கண்ணாடியையும் காதுக் கருவியையும் எடுத்துப் போய்க் கொடுத்து, தமிழில் பேசிக்கொண்டிருப்பதும் இதற்கு மருந்துதான்.

13 மார்ச், மாலை 5.20

"ஒருவரை எவ்வளவு நேரம் இப்படி வைத்திருக்கமுடியும்?" என்று ஒருவர் கேட்டதும், சிங்கப்பூரில் வயதானவர்கள் எல்லாருக்கும் ஒரே நினைவு வந்திருக்கும். 2001 ஏப்ரல், பொது மருத்துவமனை, நேப்பாளத்துக் குழந்தைகள் கங்காவும் ஜமுனாவும். தலை ஒட்டிப் பிறந்த இரட்டையர், ஒரு வயது நிறையவில்லை. பிரித்தெடுக்க 97 மணி நேரம். டீவியில் செய்தி வரும்போதெல்லாம் என் அம்மா கோயில் திசை பார்த்துக் கும்பிடுவார். இரண்டு வருடம் கழித்து ராஃபிள்ஸ் மருத்துவமனையில் ஈரானிய சகோதரிகள் லாடானும் லாலேயும், வளர்ந்த பெண்கள். இருவரையும் இழந்தோம், ரத்தப்போக்கில். அன்று தியேட்டர் வேலையில் இருந்த யாரும் வீட்டில் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

கேள்விக்கு வருகிறேன். பத்து மணி நேரம் புரோபோஃபால் ஓடுவதில் பயம் வேண்டியதில்லை. நாள்கணக்கில்தான் ஆபத்து. ஐசியுவில் மணிக்கு கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல், 48 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால், அபூர்வமாகச் செல்கள் சக்தி தயாரிப்பதே கெட்டுப்போய் இதயம் தளரும். ரத்தத்தில் அமிலம் கூடும், தசை சிதையும். அதனால் ஐசியுவில் பிள்ளைகளை நாள்கணக்கில் தூங்கவைக்க இந்த மருந்து கூடாது என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு ஓரிரவு, அதுவும் ஆபரேஷனில் கொடுத்ததைவிடக் குறைந்த அளவில்.

15 மார்ச், காலை 8.00

டெஸ்ஃப்ளூரேன் பதினான்கே நிமிடத்தில் வெளியேறுகிறது என்றால் அதையே எல்லாருக்கும் கொடுக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல மருந்து, பருமனானவர்கள் நீண்ட ஆபரேஷனிலிருந்து பளிச்சென்று எழுவார்கள். அது 22.8 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் வெயிலில் பாட்டிலைத் திறந்து வைத்தால் தானாகவே பொங்கிப் போய்விடும். அதனால் தனியாக மின்சாரத்தில் சூடாக்கும் கருவி வைத்து, அழுத்தத்தில் அடக்கித்தான் கொடுக்கமுடியும்.

நோயாளி விடும் மூச்சோடு அது கூரை வழியாக வானத்துக்குப் போகிறது. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ டெஸ்ஃப்ளூரேன் பூமியைச் சூடாக்குவது 2,540 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2023இல் ஸ்காட்லாந்து அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணம் கட்டாயமாக இருந்தாலொழியக் கொடுக்கக்கூடாது. செவோஃப்ளூரேன் அந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதையும் குறைந்த ஓட்டத்தில் கொடுத்தால் இன்னும் சிறுத்துவிடும். ஊசி முறையில் வானத்துக்கு எதுவும் போகாது. ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் குப்பைத் தொட்டியில் சிரிஞ்சும் குழாயும் மிச்ச மருந்தும் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைவதில்லை.

18 மார்ச், இரவு 9.40

இரண்டு பேருக்கு ஒரே பதிவில் பதில். இரண்டிலும் தேர்வு என்பதே இல்லை.

முதலாவது, "சித்தப்பா மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு கொதித்து இறந்துபோனார் என்று பாட்டி சொல்வார்" என்று எழுதியவருக்கு. இதைத் தயவுசெய்து லேசாக விடாதீர்கள். சில குடும்பங்களில் ஒரு மரபணு மாறியிருக்கும். கேஸோ, சக்ஸமெத்தோனியம் என்ற தசைத்தளர்ச்சி ஊசியோ பட்டதும் தசைகள் இறுகி உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். 1960இல் மெல்பர்னில் கால் உடைந்த 21 வயது மாணவர் ஒருவர், உடைந்த காலைவிட மயக்க மருந்துக்குத்தான் அதிகம் பயந்தார். ஈதர் மயக்கத்தில் உறவினர் பத்துப்பேர் இறந்திருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதை டாக்டர்கள் எழுதி வெளியிட்டபிறகுதான் உலகத்துக்கு இந்த நோய் தெரிந்தது. அதைத் தணிக்க டான்ட்ரோலின் என்ற மருந்து இப்போது இருக்கிறது. அதைவிட நல்லது, கேஸே இல்லாத ஊசி மயக்கம். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸைக்கூட முதலில் கழுவி வெளியேற்றிவிடுவோம். பாட்டியிடம் உட்கார்ந்து, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம், சித்தப்பா யார் வழி என்று எழுதி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

இரண்டாவது, மகளுக்கு முதுகெலும்பு வளைவு ஆபரேஷன் என்று கேட்ட புங்கோல் அம்மாவுக்கு. எலும்பை நிமிர்த்தும்போது தண்டுவடம் நசுங்கவில்லையே என்று தெரிந்துகொள்ள, தலையில் மின்துடிப்புக் கொடுத்து அது கால் தசைக்கு வந்து சேர்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பார்கள். கேஸ் அந்தத் துடிப்பை மங்கச் செய்துவிடும். ஆகவே ஊசி முறைதான். துடிப்பைப் படிக்கும் நேரத்தில் தசைத்தளர்ச்சி மருந்தும் கூடாது. அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பிள்ளை தூக்கத்திலேயே பல்லைக் கடிப்பாள். நாக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் துணிச்சுருள் வைப்போம். விழித்த பிறகு தாடை வலிக்கிறது என்றால் பெரும்பாலும் அதனால்தான், ஓரிரு நாளில் போய்விடும். ஆடும் பல், பல்லில் கம்பி ஏதாவது இருந்தால் முன்பே சொல்லுங்கள். கம்பி இருந்தால் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வருவது நல்லது.